பூட்ஸ் சத்தம் கேட்கப் போனேன்

மார்ச் 17, திங்கள்

டொக்கு மாமா, உன் படம் வரப் போகிறது!

ஏப்ரல் பதினொன்று, வெள்ளிக்கிழமை. கீழ்வீட்டு சுப்புலு அக்கா செல்போனைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடிக்கு ஏறி வந்து காட்டினாள். போஸ்டரில் கறுப்புக் கண்ணாடி, காக்கிச் சட்டை, பின்னால் ஒரு ஜீப் எரிகிறது. பேர் தெலுங்கில் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அது ‘வஜ்ரா டியூட்டி’தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த ஜீப்பைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

"ஏம்மே கஸ்தூரி, மா வஜ்ரா வஸ்துன்னாடு! நம்ம வஜ்ரா வரான்டி!" என்று அக்கா கத்தினாள்.

"மெதுவா அக்கா, மெதுவா" என்றேன். சொல்லிவிட்டுக் கதவோரம் உன் பாயைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

இது படக் கம்பெனி உனக்குப் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் ‘வஜ்ரா, பூட்ஸ், மழை ரோடு’ என்று எழுதியிருக்கிறாய். பொங்கலுக்கு அப்புறம் நீயே இல்லை. மீதிப் பக்கம் எல்லாம் வெள்ளையாக இருந்தது. வீணாகப் போவானேன் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுத்து, சிரிக்காதே.

மார்ச் 18, செவ்வாய்

மெஸ்ஸில் இரண்டு மூட்டை வெங்காயம். உரிக்கும்போதே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 22, சனி

மெஸ்ஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தேவகி கேட்டாள், "உங்க வீட்டுக்காரர் நடிகராக்கா? எந்தப் படத்துல வந்தாரு?"

"எல்லாப் படத்துலயும் வந்திருக்காரு. முகம்தான் தெரியாது" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எடுத்துச் சொன்னேன். ஷூட்டிங்கில் நடக்கிற சத்தம் சரியாகப் பதிவாகாது. அப்புறம் ஒரு இருட்டு அறையில் படத்தை ஓட விட்டு, கதாநாயகன் நடந்தால் இவர் நடப்பார், ஓடினால் ஓடுவார், கதவைத் தட்டினால் தட்டுவார். மைக் வைத்து எடுத்துப் படத்தோடு சேர்ப்பார்கள். எஃபெக்ட்ஸ் வேலை என்று பேர். நான் உன்னை டொக்கு மாமா என்று கூப்பிடுவதும் அந்த நடைச் சத்தத்தால்தானே.

"ஐயே, அப்ப ஹீரோயினுக்கு?"

"லேடீஸ் செருப்பப் போட்டுக்குனு அதுக்கும் இவரேதான். மீசையோட நடந்து குடுத்துட்டு வருவாரு."

மெஸ் முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்லவேளை வெங்காயம் இருந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது மாடிப்படி வெயிலில் கொதித்தது. விந்தி விந்தி மெதுவாகத்தான் ஏறினேன். நீ ராத்திரி கால்ஷீட் முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குவாய், இரும்புப் படி தடதடக்கக் கூடாது என்று பூனை மாதிரி ஏறுவேனே, அதே மாதிரி. கடைசிப் படியில் நின்று செருப்பு மண்ணை இரண்டு தட்டுத் தட்டி உதிர்த்துவிட்டு உள்ளே வந்தேன். தட்டாமல் வந்தால் உன் பாயில் மண் விழும். இப்போது விழுந்தால்தான் என்ன? பழக்கம்.

அத்தை பாயைச் சுருட்டச் சொல்கிறார். தரை சில்லென்று இருக்கிறது, கிடக்கட்டும் என்றேன். இந்த வெயிலிலா என்று கேட்டார்.

மார்ச் 26, புதன்

மோசஸ் அண்ணன் வந்தார். உன் டிரங்குப் பெட்டியை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார். பாவம், சவுண்டு இன்ஜினியர், ஏசி அறையில் உட்காருகிற மனிதர், பெட்டியைத் தோளில் வைத்து ஏறியதில் சட்டை நனைந்துவிட்டது.

பெட்டி நிறைய செருப்பு. போலீஸ் பூட்ஸ், வக்கீல் ஷூ, பண்ணையார் மிதியடி, சலங்கை, உடைந்த குடை (அதுதான் புறா பறக்கிற சத்தம் என்று நீ காட்டினாயே!), ஒரு மூட்டை தேங்காய் ஓடு. பூட்ஸை எடுத்து முகர்ந்து பார்த்தேன். வேண்டாம், அதை எழுதவில்லை.

"லேடீஸ் செருப்பு ஒண்ணுகூட இல்லியேண்ணா?"

"ஒரு ஜோடி ஸ்டுடியோவுல நிக்குதும்மா. அப்பறம் தரேன்."

"வெச்சுக்குங்கண்ணா, எனக்கெதுக்கு? ஆமா, வஜ்ராவுக்குப் பூட்ஸ் நடை முழுசும் மாமாதானே?"

அண்ணன் காபி டம்ளரைப் பார்த்தார். சூடு அதிகம் போல. ஊதி ஊதிக் குடித்தார். "நீ படத்தப் போய்ப் பாரு கஸ்தூரி. முழுசாப் பாரு. பாதியில எழுந்து வந்துடாத."

"நான் ஏண்ணா எழுந்து வரப் போறேன்?"

பெரிய மனிதர்கள் ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு வஜ்ரா நடக்கிறது காதில் விழுந்தால் போதும். வேறு என்ன வேண்டும்? உன் குரலை யாரும் பிடித்து வைக்கவில்லை. கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க வசதியில்லை. உன் போன், நீ விழுந்த அன்றைக்கு டீக்கடை வாசலில் எங்கோ போயிற்று. உன்னிடமிருந்து வந்த சத்தம் என்று இந்த உலகத்தில் நான் கடைசியாகக் கேட்கப் போவது அந்தப் பூட்ஸ் ஒன்றுதான்.

மார்ச் 30, ஞாயிறு

தெலுங்கு வருஷப் பிறப்பு. சுப்புலு அக்கா வேப்பம்பூ, மாங்காய், வெல்லம் எல்லாம் போட்ட பச்சடி கொண்டுவந்தாள். கையோடு டிரெய்லரும்!

மாமா, என்ன படம்! விசாகப்பட்டினம் கடற்கரையில் கண்டெய்னர் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறது. நடுவில் வஜ்ரா தனியாக நடந்து வருகிறான். சட்டைக் கையை ஒரு மடிப்பு மடிக்கிறான். எதிரே ஐம்பது பேர். இவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "டியூட்டி டைம்" என்கிறான். அவ்வளவுதான், ஐம்பது பேரும் வானத்தில். அப்புறம் ஒரு நர்ஸ் பெண் குடையோடு திரும்பிப் பார்க்கிறாள், காற்றில் முடி பறக்கிறது. அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயசு.

"இந்தக் கூட்டத்துல நானும் இருக்கேன் பாரு" என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். அக்கா ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் அல்லவா, அங்கே போய் மீன் மார்க்கெட் சீனில் நின்றாளாம். ஒரு கூடை மட்டும் தெரிந்தது. கூடைக்குப் பின்னால் அவளாம்.

"செல்லுல சத்தம் சரியாக் கேக்கல அக்கா. நடக்குறப்ப பாட்டு போட்டுட்டான்."

"தியேட்டர்லதான் கேக்கணும். சென்னையில வேணாம். பார்டர் தாண்டி சூளூர்பேட்டை போலாம். ஃபர்ஸ்ட் டே, ஃபர்ஸ்ட் ஷோ. அங்க பாக்குறதுதான் பாக்குறது!"

சரி என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, சனி

சொன்னேன். உனக்குத் தெரியாததா, உன் அம்மாவிடம் ரகசியமாக எதையும் சொல்ல முடியாது. காது அப்படி. கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"அத்தே! நான் வெள்ளிக்கெழம சினிமாவுக்குப் போறேன்!"

"எதுக்கு?"

"சி-னி-மா-வுக்கு!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"தாலி எறங்கி முழுசா மூணு மாசம் ஆவல" என்றார் அத்தை. "சினிமாக் கொட்டாய்க்குப் போறேன்னு நிக்கிறியே, தெரு இன்னாடி பேசும்?"

"நான் சினிமா பாக்கப் போவல அத்தே. உம்புள்ள நடக்குறதக் கேக்கப் போறேன்!"

இந்தத் தடவை அவருக்கு உடனே கேட்டுவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் அலமாரியைத் திறந்து, அந்த மாம்பழக் கலர் சேலையை எடுத்து என் மடியில் போட்டார். நீ வாங்கிக் கொடுத்து நான் ஒரே தடவை கட்டியது.

"வெளுத்ததக் கட்டிக்கினு போவாத. அவன் சபையில வரான்." அப்புறம், "கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு" என்றார்.

எப்படிச் சொல்வேன் மாமா? பூட்ஸ் சத்தத்தை வாயால் எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 10, வியாழன்

மெஸ்ஸில் லீவு சொல்லியாயிற்று. புளிசோறு கட்டியாயிற்று. ரவிக்கை தளர்ந்துவிட்டது, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். மூன்று மாதத்தில் இவ்வளவா இளைப்பேன்? தையல் மெஷின்காரன் அளவு தப்பாக எடுத்திருப்பான்.

என் பச்சை வார் செருப்பு இருந்திருந்தால் இந்தச் சேலைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். போன ஐப்பசியில் கோயில் வாசலில் விட்டுத் தொலைத்தேனே. வார் தளர்ந்து கீச்சு கீச்சு என்றாலும் காலுக்கு இதமான செருப்பு. எடுத்தவன் காலில் கொப்புளம் வர என்று நான் திட்டியதும் நீ அப்படித் திட்டாதேடி என்று காலைத் தேய்த்துக்கொண்டாயே. யாரையுமே திட்ட விடமாட்டாய்.

தூக்கம் வரவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

எங்கே தொடங்குவேன்! மாதவரத்தில் பஸ் ஏறும்போதே பாதிப் பஸ் வஜ்ரா ஆள்கள். எல்லோர் நெற்றியிலும் காக்கித் துணிக் கட்டு. சுப்புலு அக்கா முந்தானையில் ஒரு மூட்டை வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தால் காகிதத் துண்டு. பழைய கால்ஷீட் தாளை எல்லாம் ஒரு வாரமாக வெட்டியிருக்கிறாள்.

தியேட்டர் வாசலில் தென்னை உயரத்துக்கு வஜ்ரா நிற்கிறான், கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை. அவன் பூட்ஸ் மட்டும் என் இடுப்பு உயரம். கூட்டத்தில் பூந்து போய் அந்தப் பூட்ஸைத் தொட்டேன். அட்டைதான். ஆனாலும் தொட்டேன். பக்கத்தில் ஒருத்தன் அதே பூட்ஸ் மேல் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். தப்பு மேளம் காதைக் கிழித்தது. எனக்கும் கால் தன்னால் ஆடியது மாமா, பொய் சொல்லமாட்டேன்.

உள்ளே பெண்களுக்கு என்று தனி வரிசை கிடையாது, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது. திரை முழுக்க இருட்டு. மழை. ரோட்டில் தண்ணீர். ஒரு பூட்ஸ் கால் கீழே இறங்குகிறது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். உன் டைரியில் இருந்த அதே இடம். மழை ரோடு. இதோ வரப் போகிறாய்.

அப்போது அந்தத் தியேட்டர் வெடித்தது! விசில், மேளம், வெடி, "வஜ்ரா! வஜ்ரா!" என்று கூச்சல். காகிதம் மழையாகக் கொட்டுகிறது. சுப்புலு அக்கா நாற்காலி மேல் ஏறி நின்று மூட்டையை உதறுகிறாள். கண்ணைத் திறந்து பார்த்தால் வஜ்ரா நடக்கிறான், கால் தெரிகிறது, சத்தம் ஒன்றுகூட என் காதில் விழவில்லை.

போகட்டும், அடுத்த தடவை என்று இருந்தேன். அடுத்த தடவையும் அதேதான். அவன் பேசும்போது கேட்கிறது, சுடும்போது கேட்கிறது. எழுந்து நடந்தால் போச்சு, மொத்தக் கொட்டகையும் எழுந்து நிற்கிறது. நடக்கிறதுக்குத்தான் இவர்களுக்குக் கொண்டாட்டமே!

முன் வரிசையில் ஒரு பெரிய மீசைக்காரர், நாற்பது வயசு இருக்கும், விரலை வாயில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். தோளைத் தொட்டேன்.

"அண்ணா, கொஞ்சம் விசில் அடிக்காம இருங்க. எங்க வீட்டுக்காரர் நடக்குறாரு."

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். "எங்கம்மா? எடம் இல்லியா அவருக்கு?"

"அங்க இல்லண்ணா. அதோ." திரையைக் காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார், வஜ்ராவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எனக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார். சுப்புலு அக்கா குனிந்து அவர் காதில் தெலுங்கில் கடகடவென்று சொன்னாள். அவருக்கு முகம் மாறிவிட்டது. எழுந்து நின்று கையைத் தூக்கி, "ரேய், ஆகண்ட்ரா! இந்த அக்கா புருஷன் நடக்குறாராம்! நோரு முய்யண்ட்ரா, வாய மூடுங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டார். எங்கள் பக்கத்தில் நாலைந்து வரிசை அப்படியே அடங்கிவிட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். வஜ்ரா ஸ்டேஷன் வாசலுக்கு வருகிறான். காலைத் தூக்குகிறான்.

தூக்கி ஜீப் கதவை ஒரு உதை. கதவு பறந்துபோய் மந்திரி மடியில் விழுகிறது. முதல் விசில் அந்த மீசைக்காரர்தான்.

இன்டர்வெல்லுக்கு முன்னால் குண்டு வெடித்து வஜ்ராவுக்குக் கண் போயிற்று. நானும் வெளியே வந்துவிட்டேன். மறுபடி உள்ளே போகப் பிடிக்கவில்லை. அக்காவை மட்டும் அனுப்பிவிட்டுப் பாப்கார்ன் விற்கிற இடத்தில் தரையில் உட்கார்ந்து புளிசோற்றைப் பிரித்தேன். இறங்கவில்லை. அது வரைக்கும் உள்ளே ஒரே கூச்சல். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. எழுநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி. என்ன ஆயிற்று, கரண்ட் போய்விட்டதா என்று கதவைப் பார்த்தேன். திடீரென்று கட்டடமே இடிகிற மாதிரி கைத்தட்டல். மறுபடி அமைதி, மறுபடி கைத்தட்டல். பாப்கார்ன்காரன்கூட எட்டிப் பார்த்தான். நான் போகவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுப்புலு அக்கா திட்டித் தீர்த்தாள். "முக்கியமான லவ் சீன் எல்லாம் உட்டுட்டியேடி! மா வஜ்ராவுக்குக் கண்ணுல கட்டு. யாருக்கும் தெரியாம ஒரு பழைய ஆஸ்பத்திரி மாடியில ஒளிச்சு வெச்சிருக்காங்க. நர்ஸ் மைதிலி சோறு எடுத்துக்குனு வரா. அவ நடைய வெச்சே அவள லவ் பண்றான்! மூஞ்சியே பாக்கல!"

"எனக்கெதுக்கு அக்கா அந்தப் பொண்ணு கதை?"

"ஏமோ போ. அந்த நடை எங்கியோ கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முடியெல்லாம் காகிதம்.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். "கேட்டியா?"

தலையை ஆட்டினேன். ஆம் என்றும் இல்லை என்றும் தெரியாத மாதிரி.

ஏப்ரல் 12, சனி

மோசஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன். கூட்டமில்லாத ஷோ எது அண்ணா, எனக்குப் பூட்ஸ் சத்தம் கேட்க வேண்டும் என்றேன்.

"கஸ்தூரி, பூட்ஸ் மாத்திட்டாங்கம்மா. பூமி அதிரணும்னு ஹைதராபாத்துல வேற ஆள வெச்சு மறுபடி எடுத்தாங்க. உன்கிட்ட அன்னிக்கே சொல்ல வந்தேன். நீ அந்தப் பூட்ஸ மடியில வெச்சுக்கினு இருந்தே."

இன்டர்வெல்லோடு எழுந்து வந்துவிட்டேன் அண்ணா என்று மட்டும் சொன்னேன்.

"ஆனா நீ பாதியில எழுந்து வந்துட்டேன்றியே. நான் சொன்னேன் இல்ல, முழுசாப் பாருன்னு."

போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பாயைச் சுருட்டினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி செய்தேன். பாயை மறுபடி விரித்துவிட்டேன். தரை சில்லென்றுதான் இருக்கிறது.

முழுசாப் பாரு, முழுசாப் பாரு. அவர் ஏன் அதையே சொல்கிறார்?

ஏப்ரல் 15, செவ்வாய்

டொக்கு மாமா! டொக்கு மாமா! எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

மெஸ் முடிந்து அப்படியே போனேன். இங்கே சென்னையிலேயே, மத்தியான ஷோ. பத்துப் பதினைந்து பேர்தான். பாதிப் பேர் ஏசிக்குத் தூங்க வந்தவர்கள். மழை ரோடு வந்தது. பூட்ஸ் இறங்கியது. இந்தத் தடவை கேட்டது. நிஜமாகவே தரை அதிர்ந்தது. நீ இல்லை. முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. நீ குதிகாலை முதலில் வைப்பாய். இவன் யாரோ.

இன்டர்வெல் வந்தும் எழுந்திருக்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரி வந்தது. கடற்கரை ஓரம், பழைய கட்டடம், வெளியே இரும்பு மாடிப்படி. வஜ்ரா கண்ணில் கட்டோடு படுத்திருக்கிறான். துப்பாக்கி தலையணைக்கு அடியில். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. திரையில் அவன் காது மட்டும் தெரிகிறது.

கீழே யாரோ படியேறுகிற சத்தம்.

ஒரு அடி நீளம், ஒரு அடி குட்டை. நீளம், குட்டை. சின்ன வயசில் கிணற்று மேட்டில் விழுந்து வலது காலை உடைத்துக்கொண்டவள் ஏறுகிற மாதிரி. வலது காலில் ஒரு கீச்சு. வார் தளர்ந்த செருப்பு. மெதுவாக, பூனை மாதிரி, இரும்பு தடதடக்கக் கூடாது என்று பயந்து பயந்து ஏறுகிறாள். மேலே வந்துவிட்டாள். நிற்கிறாள்.

தட். தட்.

மண்ணை உதிர்த்துவிட்டு உள்ளே வருகிறாள்.

மாமா, நான் "ஐயோ" என்று கத்திவிட்டேன். பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து "என்னம்மா ஆச்சு" என்றார். "நான்தாங்க!" என்றேன். "அது நான்தாங்க வர்றேன்!"

அப்புறம் படம் முழுக்க நான்தான். வஜ்ரா அந்தச் சத்தத்துக்குச் சிரிக்கிறான். அந்தச் சத்தம் கேட்டால்தான் சோறு தின்கிறான். ஒரு நாள் நான் வர நேரமாகிவிட்டது, பெரிய போலீஸ் அதிகாரி, ஐம்பது பேரை வானத்தில் விட்டவன், படுக்கையில் புரண்டு புரண்டு படுக்கிறான். கடைசியில் வில்லன் ஒருத்தியை நர்ஸ் உடுப்பில் அனுப்புகிறான். அவளும் படியேறுகிறாள். அதே வேகம், அதே கீச்சு. மேலே வந்து நிற்காமல் நேராக உள்ளே நுழைகிறாள். தட்டவில்லை! வஜ்ரா தலையணைக்கு அடியில் கையை விட்டு, கண் கட்டோடேயே, "மைதிலி எக்கட?" என்று துப்பாக்கியை நீட்டுகிறான் பார். தூங்க வந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று விசில் அடித்தேன். காற்றுதான் வந்தது. ஆனால் அடித்தேன்.

சூளூர்பேட்டையில் எழுநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டது இதற்குத்தானா? என் காலுக்கா அத்தனை கைத்தட்டல்?

வெளியே வந்ததும் மோசஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணா, ஸ்டுடியோவுல நிக்கிற ஜோடி, பச்சை வாரா?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அழுகையா சிரிப்பா தெரியவில்லை. "ஆமாம்மா. கண்ண மூடினாலும் அடையாளம் தெரியிற மாதிரி ஒரு நடை வேணும்னு டைரக்டர் கேட்டாரு. பத்துப் பேர் நடந்து காட்டுனாங்க, ஒண்ணும் புடிக்கல. உன் வீட்டுக்காரன் வேதாசலம்தான் சொன்னான், என்கிட்ட ஒண்ணு இருக்கு சார், நாளைக்குச் செருப்பு எடுத்துக்கினு வரேன்னு. ஒரே டேக். அந்த நடைய மட்டும் ஒருத்தரும் தொடல. படம் வந்தா அவளக் கூட்டிக்கினு போய் உக்கார வெச்சு மூஞ்சியப் பாக்கணும், நீ வாயத் தொறக்காதன்னான். நான் எப்பிடிம்மா தொறப்பேன்?"

திருடா! கோயில் வாசலில் நான் வெறுங்காலோடு தேடித் தேடி அழுதபோது நீயும் கூடவே குனிந்து தேடினாயே! எடுத்தவன் காலில் கொப்புளம் என்றதும் காலைத் தேய்த்துக்கொண்டாயே!

வீட்டுக்கு வந்தேன். அத்தை கட்டிலில் படுத்திருந்தார். நான் உள்ளே நுழைவதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருந்தார். கத்திச் சொன்னால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். அவர் உள்ளங்கையை எடுத்து மடியில் வைத்து, என் இரண்டு விரலால் நடந்து காட்டினேன். நீளம், குட்டை. நீளம், குட்டை. மணிக்கட்டுக்கு வந்ததும் நிறுத்தி, தட், தட்.

"இதாண்டி நீ ஏறி வர்றது" என்றார் அத்தை உடனே. "படி அதிர்றது கட்டில்ல தெரியும் எனக்கு. இதுல அவன் எங்கடி?"

"இதுதான் அத்தே அவரு" என்றேன்.

அவர் கையை மூடிக்கொண்டார். இன்னும் திறக்கவில்லை.

நான் இப்போது உன் பாயில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இங்கே படுத்துப் பார்த்தேன். கீழே சுப்புலு அக்கா கேட்டைத் திறப்பதிலிருந்து எல்லாம் கேட்கிறது. இத்தனை வருஷமும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாய். கொர்ரென்று குறட்டை வரும். பாவம், ராத்திரி முழுக்க நடந்த மனிதன், தூங்கட்டும் என்று உன் காலைத் தாண்டி ஓசைப்படாமல் உள்ளே போவேன். அந்தக் குறட்டையை நம்பி ஒரு நாள்கூட உன்னை எழுப்பியதில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்படியென்றால் அந்தக் குறட்டையும் எஃபெக்ட்ஸ்தானா, டொக்கு மாமா?